இருட்டில் முடிகிற சங்கீதம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் வீடும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறோம். 'சாப்டியா?' 'சாப்டேன், நீ சாப்டியாம்மா?' 'சரி, வச்சிடவா?' அதற்குமேல் நான் வாயைத் திறந்து, அதில் சபை என்கிற சொல் வந்துவிட்டால், உடனே உன் அறைக் கதவை யாரோ தட்டிவிடுகிறார்கள். அங்கே உன் கதவைத் தட்டுவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. வேண்டுமானால் மடித்து வைக்கலாம். என்றைக்காவது பிரிக்கத்தான் வேண்டும்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, 'யாரும்மா இதை இப்படிக் கட்டி வச்சது?' என்று கேட்டார். உன் அப்பாதான். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிப்ட் மாட்டிக் கொடுத்த மனிதர், வீட்டுக் குழாயை மட்டும் கறுப்பு டேப்பைச் சுற்றியே காலம் தள்ளிவிட்டார். பழைய டேப்பை அவிழ்க்க வேண்டாம், அதன்மேலேயே சுற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டின் முதல் ஆராதனையில் வேதவாசிப்புக்குச் சீட்டுப் போட்டார்கள். நீ போன பிறகு அங்கே எதுவும் மாறவில்லை. விடியும் நேரத்தில், வேலைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் அந்த மாடிப்படி ஏறுகிறார்கள். கீழே டயர் கடை இன்னும் திறந்திருக்காது. அன்றைய பகுதியை அன்றைய ஆள் வாசிப்பார். பிரசங்கம் இல்லை, பாட்டு இல்லை. வாசிப்பு, ஓர் ஆமென், சற்று நேரம் அமைதி, பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் புறப்பாடு. எந்த நாளில் எந்தப் பகுதி என்பது அச்சிட்ட அட்டவணையில் இருக்கிறது. எந்த நாள் யாருக்கு என்பது மட்டும் சீட்டு. பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ள வழியில்லை.

உன் அப்பாவுக்கு விழுந்ததெல்லாம் வம்ச அட்டவணைதான், நினைவிருக்கிறதா? இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான் என்று பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் வாசிப்பார். ஒருமுறை பின்னாலிருந்து ரொட்டிக்கடை அண்ணன் தாங்க முடியாமல் 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல, சபையே சிரித்துவிட்டது. அப்பா மட்டும் சிரிக்காமல் அடுத்த பெயரை வாசித்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய நாள் வந்தது. வாசிக்க வேண்டியவர் வராவிட்டால் வேறு யாரும் வாசிப்பதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, வாசித்து முடிக்கிற நேரம்வரை எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் செய்தார்கள் என்று நான் போய்ச் சொன்னதும், 'இந்தத் தடவைதான் பேரெல்லாம் தப்பில்லாம வந்திருக்கும்' என்றார். அவர் சொன்ன கடைசி நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டு உனக்கும் ஒரு நாள் விழுந்திருக்கிறது.

சுவரில் ஒட்டிய தாளில் உன் பெயரைப் பார்த்தேன். நேராகச் செயலாளரிடம், நம் கண்ணாடிக்கடை மாமாவிடம் போனேன். அவள் ஊரிலேயே இல்லையே, அவள் பெயரை ஏன் பெட்டியில் போட்டீர்கள் என்று கேட்டேன். 'எடுக்கச் சொல்லி அவ சொல்லலையே' என்றார். நான் சொன்னால் போதாதா என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, 'ஏம்மா, ஞானஸ்நானத்து அன்னிக்கு அவளுக்குப் பதிலா நீயா ஆமான்னு சொன்னே? அவதானே சொன்னா? இல்லைன்னும் அவளே சொல்லட்டும்' என்றார். அந்த மனிதரோடு பேசி ஜெயிக்க உன்னால்தான் முடியும். அப்பா உன்னை வக்கீலம்மா என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

உனக்கு விழுந்த பகுதி எண்பத்தெட்டாம் சங்கீதம்.

இதற்குமேல் எழுதாமல் எழுந்துபோய்த் துணி உலர்த்திவிட்டு வந்தேன். உனக்கு அது தெரியும். சபையில் எல்லாரும் இருட்டுச் சங்கீதம் என்று சொல்வார்களே, அது. மற்றச் சங்கீதங்களில் எவ்வளவு அழுதாலும் கடைசியில் ஒரு திருப்பம் வரும், ஒரு துதி வரும். இதில் வராது. இரவும் பகலும் கூப்பிட்டேன், ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறீர் என்று ஒரு மனிதன் கேட்டுக்கொண்டே போவான். பதில் வராமலேயே, என்னை நேசித்தவர்களையெல்லாம் தூரமாக்கினீர் என்று சொல்லி, இருட்டில் போய் முடிப்பான். அதனால்தான் நம் சபையில் அது யாருக்கு விழுந்தாலும், நிற்காமல் அடுத்த சங்கீதத்தின் தொடக்கத்தையும் சேர்த்து வாசித்துவிடுவார்கள். அது பாட்டோடு தொடங்கும். வேலைக்குப் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று பழைய போதகர் ஒருவர் ஆரம்பித்த வழக்கமாம்.

மூன்று வழி இருக்கிறது. நீ வந்து வாசிக்கலாம். வராமல் இருந்தால் உன் நாள் மௌனமாகப் போகும். அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள். இனி எந்த ஆண்டும் பெட்டியில் அது இருக்காது.

நான் எதையும் வற்புறுத்தவில்லை. ஆஸ்பத்திரி நடைகூடத்தில் அப்பாவின் துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நீ நின்றதை நான் பார்த்தேன். அப்போது உன் போனில் வந்த செய்தியையும் பார்த்தேன். அடக்க ஆராதனையில் உன்னை வாசிக்கச் சொன்னார்கள். நீ எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்தாய், பார்த்தாய், மூடினாய், படியிறங்கிப் போய்விட்டாய். துக்கத்தில் இருக்கிற பெண் என்று சிலர் சொன்னார்கள். திமிர் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே நீ ஊரைவிட்டும் போனாய்.

முடிவு உன்னுடையது. ஆனால் அதை என் காதில் சொல்லிவிட்டு வைத்துவிடாதே. யோசித்துச் சொல்.

உன்னை நினைத்தபடி,
அம்மா

-

கண்ணு,

'பேரை அடிச்சிடச் சொல்லும்மா, நான் எழுதி அனுப்புறேன்' என்று நீ போனில் சொன்னாய். சரி என்றேன். உண்மையிலேயே சரி என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்கடைக்குப் போய், அவள் எழுதி அனுப்புகிறாளாம் என்று சொல்லிவிட இருந்தேன். அன்றைக்கு வேலையிடத்தில் நடந்த ஒன்றால் போகவில்லை. அதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் வாக்குத்தத்தம் அக்கா, காலைதோறும் சபையில் எல்லாருக்கும் போனில் ஆறுதல் வசனம் அனுப்புவார்களே, அவர்கள் காது சோதனைக்கு வந்திருந்தார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும் நீ கடிதத்தை மடிக்கப்போகிறாய் என்று தெரியும். மடிக்காதே.

என் அறை எப்படியிருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்னக் கூண்டு. உள்ளே அவர்களை உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சத்தத்தை அனுப்புவேன். கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்கு இடது காது நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் நான் எதுவுமே அனுப்பாத நேரத்திலும் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். நிறையப் பேர் இப்படிச் செய்வார்கள். வெளியே வந்ததும், 'ஏன்க்கா, நான் ஒண்ணும் அனுப்பலையே, எதுக்கு அழுத்துனீங்க?' என்று கேட்டேன். 'கேட்ட மாதிரி இருந்துச்சுமா. கேட்கலைன்னு சொல்லவும் ஒரு மாதிரியா இருந்துச்சு' என்றார்கள்.

மகளே, அப்பா போனதிலிருந்து விடியற்காலை வாசிப்பில் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான். வாசிப்பு முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொல்கிறேன். உள்ளே ஒரு சத்தமும் வரவில்லை. பொத்தானை மட்டும் அழுத்துகிறேன்.

அறிக்கையை எழுதிக் கொடுத்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை. உன்னைப்பற்றிக் கேட்டார்கள். பிறகு அவர்களாகவே அந்தக் காலைச் செய்தியின் கதையைச் சொன்னார்கள். விடியும்போது வீட்டு வேலை, வெளி வேலை என்று மறந்துவிடக்கூடாதே என்று, அடுத்த நாள் பகுதியிலிருந்து ஒரு வாக்குத்தத்தம் எடுத்து, முந்தின மாலையே போனில் எழுதி, இத்தனை மணிக்குப் போகட்டும் என்று அமைத்து வைத்துவிடுவார்களாம். அன்றைய அட்டவணையில் வந்தது, சாகக்கிடந்த ஒரு ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது, ஆயுள் கூட்டி வாங்கின கதை. அப்பாவுக்கென்றே கொடுக்கப்பட்டதுபோல் இருக்கிறதே என்று, உனக்கென்று தனியாக, இது உன் அப்பாவுக்கு, இன்றைக்கே பெற்றுக்கொள் என்று எழுதி வைத்தார்களாம். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். செய்தி அதன் நேரத்துக்கு வந்தது. நீ நடைகூடத்தில் நின்றுகொண்டு அதைப் படித்தாய்.

'அதுக்கப்புறம் நான் யாருக்கும் ஒண்ணும் அனுப்புறதில்லைமா' என்றார்கள். அது எனக்கே தெரியாது. எனக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். சபையில் இன்னும் எல்லாரும் வாக்குத்தத்தம் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

உன் நாளைப்பற்றி அவர்களுக்கும் தெரிந்திருந்தது. 'அவளுக்குப் பதிலா நான் வாசிச்சிடுறேனே. அடுத்ததையும் சேர்த்து நல்லபடியா வாசிச்சு முடிச்சிடுறேன். அவ பேரும் நிக்கும், அவளுக்கும் கஷ்டம் இருக்காது' என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்கள். நல்ல மனசு. வேறு ஒரு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். என் வாயிலிருந்து வேண்டாம்க்கா என்று வந்தது. அவ்வளவு வேகமாக வருமென்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து, விளக்கேற்றும் நேரத்தில் அடுப்படி மேசையில் உட்கார்ந்து அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தேன். முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அங்கே நின்றதில்லை, எப்போதும் நடக்கிற காலோடு தாண்டிப் போயிருக்கிறேன். நின்று பார்த்தால் அது என் வீடு மாதிரியே இருந்தது. ஒரு மனிதன் நான் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறான். அவனை யாரும் அதட்டவில்லை. வேதத்தைவிட்டு வெளியே தள்ளவுமில்லை. நான் அழுதேன். அடக்கத்தின்போதும் அழாத அழுகை.

அப்போது உன்னை நினைத்தேன். அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்து நீ பார்த்த பக்கத்தில் ஆறுதல் எழுதியிருந்தது. உனக்கு அது பொய்யாகப் பட்டிருக்கும். நீ பொய் வாசிக்க மாட்டாய். அதுதானே?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர்கள் கூடும் அறைக்குப் போய், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். போதகரும் கண்ணாடிக்கடை மாமாவும் ரொட்டிக்கடை அண்ணனும் இருந்தார்கள். என் மகள் வந்தால், அந்தச் சங்கீதம் எங்கே முடிகிறதோ அங்கேயே நிறுத்த அவளை விடுவீர்களா என்று கேட்டேன். யாரும் எதுவும் சேர்க்கக்கூடாது, அவள் முடித்த பிறகு எழுந்து ஆறுதல் சொல்லவும் கூடாது என்றேன்.

போதகர் சின்ன வயசு, நல்லவர். முகம் வாடிப்போனது. 'காலங்காத்தால ஜனங்களை இருட்டுல விட்டுட்டு அனுப்புறதாம்மா? தாங்குவாங்களா?' என்றார். 'தாங்கிட்டுத்தான் ஐயா இருக்காங்க. நாமதான் கேட்கிறதில்லை' என்றேன். இப்படிப் பேசினது நானா என்று பிறகு படியிறங்கும்போது யோசித்தேன். உன் வக்கீல் புத்தி எங்கிருந்து வந்தது என்று அப்பா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

வழக்கத்தை ஒருத்தருக்காக மாற்றினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று கேட்பார்களே என்றார் போதகர். ரொட்டிக்கடை அண்ணன் அதுவரை கையில் ஒட்டின மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, 'ஐயா, அந்தச் சங்கீதத்தை எழுதினவருக்கு அன்னிக்கு யாராவது அடுத்த பக்கத்தை வாசிச்சுக் காட்டினாங்களா?' என்று கேட்டார். கண்ணாடிக்கடை மாமா அட்டவணையை எடுத்து விரித்து, விரலை வைத்து, 'இதுல ஒரு சங்கீதம்தான் போட்டிருக்கு. மிச்சம் நாமளா ஒட்டினது' என்றார். போதகர் அந்த விரலைப் பார்த்துவிட்டு, 'சரிம்மா. அவ வரட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்' என்றார்.

அவர்கள் ஒப்புக்கொண்டது உனக்கு மட்டும். நாள் உன்னுடையது, எங்கே நிறுத்துவதென்பதும் உன்னுடையது. வேறு யார் வாசித்தாலும் பாட்டுவரைக்கும் போயே தீருவார்கள்.

நம்பு என்று நான் கேட்கவில்லை. ஜெபம் பண்ணு என்று கேட்கவில்லை. ஆறுதலான முகத்தோடு வா என்றும் கேட்கவில்லை. நீ எதைச் சொல்ல முடியாமல் படியிறங்கிப் போனாயோ அது அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. வந்து அதை மட்டும் சொல்லிவிட்டுப் போ. அதற்குப் பிறகும் பெயரை எடுக்க வேண்டுமென்றால், நானே உனக்குப் பேனா எடுத்துத் தருகிறேன்.

வருகிறாயா, கண்ணு?

அம்மா

-

என் மகளே,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. போர்வையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று மடித்து உன் கட்டிலிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த முறை என்று எழுதியதை வேறுவிதமாக எடுத்துக்கொள்ளாதே. அது போர்வையைப் பற்றிய பேச்சு மட்டும்தான்.

நீ இங்கே இருந்த சொற்ப நேரத்தில் நாம் அதிகம் பேசவில்லை. வந்ததும் தூங்கினாய். விடியுமுன் எழுந்து, எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். வாசித்து முடித்த அன்றே ரயிலேறியும் விட்டாய். அதனால் உனக்குத் தெரியாதவற்றை நான் எழுத வேண்டியிருக்கிறது. வாசிக்கிறவளுக்கு எதிரே இருக்கிறவர்களின் முகம் தெரியாது. நீ ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

முன்பெல்லாம் நீ வாசித்தால் பாடுவதுபோல் இருக்கும். சபையில் எல்லாரும் அதற்காகவே உன்னை மெச்சுவார்கள். இந்த முறை, வழி கேட்ட ஒருவருக்கு விலாசத்தை நிதானமாகச் சொல்வதுபோல் வாசித்தாய். ஏன் முகத்தை மறைக்கிறீர் என்கிற இடத்தில் நின்றாய். பிறகு அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்தாய். அது அட்டவணையில் இல்லை. கண்ணாடிக்கடை மாமா சட்டென்று தலையைத் தூக்கினார். எங்கே எழுந்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நீ கடைசி வரியில் நிறுத்தியதும் சபை முழுக்க ஓர் அசைவு வந்தது. பழக்கம் இருக்கிறதல்லவா, எல்லாரும் அடுத்த பக்கத்துக்கு ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார்கள். நீ பக்கத்தைத் திருப்பவில்லை. போதகர் எழுந்தார். வாய் பாதி திறந்தது. பிறகு தான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததுபோல் மெல்ல உட்கார்ந்துவிட்டார். எப்போதும் கடைசியில் சொல்கிற 'சமாதானத்தோடு போங்கள்' என்பதைக்கூடச் சொல்லவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற தம்பி எப்போதும் முதல் ஆளாக ஓடுவான், அவனும் எழுந்திருக்கவில்லை. ரொட்டிக்கடை அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவருடைய மூத்த பிள்ளை இறந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் சபையில் ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னிடம், 'உன் பொண்ணு எனக்காகவும் ஒரு வார்த்தை கேட்டுட்டாம்மா' என்றார்.

படியில் வாக்குத்தத்தம் அக்கா உன் கையைப் பிடித்ததைப் பார்த்தேன். என்ன பேசினீர்கள் என்று உன்னிடம் கேட்கவில்லை. மறுநாள் அவர்களே சொன்னார்கள். 'தெரியாம அனுப்பிட்டேன் கண்ணுன்னு சொன்னேன். தெரியும்க்கான்னு சொல்லுச்சு' என்றார்கள். அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீ இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். பிறகு, அந்த ஒரு வார்த்தையே போதும், மிச்சமெல்லாம் ஒட்டுவேலையாகிவிடும் என்று தோன்றியது. அக்கா மறுபடி செய்தி அனுப்பத் தொடங்கவில்லை. ஆனால் என் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் அவர்களுக்குக் கேட்பதில்லை. நான் வலது பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

மறுநாள் விடியற்காலை எண்பத்தொன்பதாம் சங்கீதம். பேருந்துத் தம்பிக்கு விழுந்திருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பாட்டைத் தொடங்கினான். எத்தனையோ ஆண்டுகளாக முந்தின நாளிலேயே பாதி கேட்டுவிட்டுப் போவோம், மறுநாள் அது ஆறின சோறு மாதிரி இருக்கும். இந்த முறை ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் காத்திருந்து கேட்டோம். எல்லாருக்கும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பின்வரிசையில் இரண்டு பேர், இதெல்லாம் நல்லதுக்கில்லை, சபை வழக்கம் கெட்டுப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். எனக்கு அன்றைக்கு எதுவும் பாடத் தோன்றவில்லை. ஆமென் சொல்லும் இடத்தில் நான் சொல்லவில்லை. பொய்யாக அழுத்தாமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உன் பெயர் அப்படியே இருக்கிறது. போகிற அவசரத்தில் நீ எழுதிக் கொடுக்க மறந்துவிட்டாயா, அல்லது கொடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டாயா, எனக்குத் தெரியாது. மாமாவும் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

ஆனால் நீ கேட்டாய். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, 'நீ இன்னும் நம்புறியாம்மா?' என்றாய். நான் உன் விரலைப் பிடித்திருந்தேன். வண்டி நகர்ந்து, விரல் நழுவி, பதில் சொல்லாமலேயே நின்றுவிட்டேன். வண்டி நகராமல் அங்கேயே நின்றிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று ஒன்று இருக்கிறது, அது நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டதற்கு நான் வருந்தவில்லை.

இப்போது எழுதுகிறேன். அப்பாவுக்கு ஆயுள் கூட்டித் தரப்படும் என்று நான் முழுசாக நம்பினேன். உன்னைவிடவும் அதிகமாக. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் திரும்பி வருவதற்கென்று ஒரு சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்துவிட்டுப் போனவள் நான். அந்த நம்பிக்கை போய்விட்டது. அது திரும்பி வராது, வர வேண்டுமென்றும் நான் கேட்கவில்லை. இப்போது என்னிடம் இருப்பது அதைவிடச் சின்னது. அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. விடியற்காலையில் விழித்ததும் எனக்கு ஒருவர்மேல் கோபம் வருகிறது. கோபித்துக்கொண்டே முகம் கழுவி, கோபித்துக்கொண்டே படியேறுகிறேன். ஆளே இல்லாத வீட்டு வாசலில் நின்று யாரும் இவ்வளவு நாள் சண்டை போடமாட்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது. இதை நம்பிக்கை என்று போதகர் சொல்வாரா, தெரியாது. உனக்கு இது போதாது என்று பட்டால் பட்டதுதான். என்னிடம் இருப்பதை எடுத்துக் காட்டிவிட்டேன், மிகைப்படுத்திக் காட்டவில்லை.

உனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீ எங்கே நிற்கிறாயோ அங்கேயே நில். அங்கே இருட்டாக இருந்தால், இருட்டாக இருக்கிறதும்மா என்று சொல். உடனே விளக்கோடு ஓடிவந்துவிட மாட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அதற்கு எனக்கு இப்போது கொஞ்சம் பழக்கமாகிவிட்டது.

இத்தனை வருஷம் எந்தக் கடிதத்தையும் ஆசீர்வாதம் எழுதாமல் முடித்ததில்லை. கை தானாக எழுதிவிடும். இன்று கையை நிறுத்தி, யோசித்து, மனசறிந்து எழுதுகிறேன்: நீ போகிற இடமெல்லாம் உன்னைக் காக்கிறவர் இருப்பாராக. அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிற நாட்களில், உன் அம்மாவின் முகமாவது உனக்குத் தெரிவதாக.

எனக்கு நீ கடிதம் எழுத வேண்டும். போனில் அல்ல, காகிதத்தில். ஒரு வரியானாலும் சரி. நல்ல செய்தியாக இருக்க வேண்டுமென்பதில்லை. உள்ளதாக இருந்தால் போதும்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா